ஏழு தோட்டாவும் ஒரு தகரப் பெட்டியும்



வழக்கமான ஞாயிற்றுக்கிழமைப் பதிவுதான். ஆனால் இந்த வாரம் பதிவு நீளம். விஷயமும் கொஞ்சம் கனமானது. காலை டிபனை முடித்துவிட்டு, காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் நம் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நியூசிலாந்தில் வேலை. அக்கா மகளின் காதணி விழாவுக்காக ஊருக்கு வந்தவர், என்னையும் பார்த்துவிட்டுப் போக வந்தார். பேச்சு எங்கெங்கோ சுற்றி, 2019-ல் கிறைஸ்ட்சர்ச் நகரத்துப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையில் வந்து நின்றது. பக்கத்தில் என் மச்சினர் உட்கார்ந்திருந்தார். "அந்த ஊரில் துப்பாக்கிக்குச் சட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாதா தம்பி?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க ஐயா. சாதாரண லைசென்ஸ் வச்சிருக்கிறவர் அந்த மாதிரித் துப்பாக்கியில ஏழு தோட்டாவுக்கு மேல போடக்கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு."

"அப்புறம் எப்படி அத்தனை பேர்?"

அவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். வகுப்பில் பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அதே பார்வை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. அவர் போன பிறகு, மருமகள் உதவியோடு அந்நாட்டு அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கையையும் பழைய சட்டங்களையும் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். படித்து நான் புரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. உங்களில் பலர் அந்தக் கதைக்குள் இருந்தவர்கள்.

நான் நம் பள்ளியில் பல வருடம் என்.சி.சி. பார்த்துக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஆண்டு முகாமில் துப்பாக்கி சுடும் பயிற்சி ஒரு நாள் இருக்கும். பாயிண்ட் டூ டூ ரைஃபிள். ஆளுக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடித்ததும் ஐந்து காலிக் கூடுகளையும் எண்ணித் திருப்பித் தர வேண்டும். ஹவில்தார் அதைப் பதிவேட்டில் எழுதுவார். ஒரு வருடம் மாலையில் எண்ணும்போது ஒரு கூடு குறைந்தது. ஒன்றே ஒன்று. வெடித்து முடிந்த பித்தளைக் கூடு, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். ஆனாலும் இருட்டும்வரை ஒருவரையும் விடவில்லை. புல்லில் தேடினோம், மணல் மூட்டைக்கு அடியில் தேடினோம். கடைசியாகச் சுட்ட ஒரு பையன்மேல் எனக்குச் சந்தேகம். எல்லோர் முன்னாலும் அவன் சட்டைப்பையைக் குடைந்து பார்த்தேன். கூடு, படுத்துச் சுடும் தார்ப்பாயின் மடிப்பில் கிடந்தது. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இந்தப் பதிவைப் படித்தால், இத்தனை வருடம் கழித்தாவது என் மன்னிப்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

அன்று நான் செய்தது தவறு. ஆனால் ஹவில்தார் செய்தது சரி. துப்பாக்கி இருக்கிற இடத்தில் எல்லாவற்றையும் எண்ண வேண்டும். துப்பாக்கியை மட்டும் எண்ணினால் போதாது. இன்றைய பாடம் முழுக்க இந்த ஒரு வரிதான்.

சரி, வரலாற்றுக்குப் போவோம்.

மேகசின் என்றால் வாரப் பத்திரிகை ஞாபகம் வருவோருக்காக ஒரு விளக்கம். துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்தான். தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சிறு பெட்டி. உள்ளே அடியில் ஒரு ஸ்பிரிங். மேலே உள்ள தோட்டா போகப் போக, ஸ்பிரிங் அடுத்ததை மேலே தள்ளும். இலங்கைத் தமிழர்கள் இதை ரவைக்கூடு என்பார்கள். நல்ல சொல்.

கழற்றி மாட்டக்கூடிய இந்தப் பெட்டியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, சிறு வயதிலேயே கனடாவுக்குப் போய், பிறகு அமெரிக்காவில் குடியேறியவர். 1879-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய அமைப்பை வைத்துத்தான் 1888-ல் பிரிட்டிஷ் ராணுவம் லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. அதன் வாரிசு லீ-என்ஃபீல்டு. நம் ஊர்க் காவல் நிலையங்களில் எத்தனையோ காலம் 'த்ரீ-நாட்-த்ரீ' என்ற பெயரில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதுதான்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பெட்டி கழற்றக்கூடியது. ஆனால் அந்தக் காலத்து ராணுவம் அதைக் கழற்ற விடவில்லை. தொடக்ககால ரைஃபிள்களில் பெட்டியைச் சின்னச் சங்கிலி வளையத்தால் துப்பாக்கியோடே பிணைத்து வைத்திருந்தார்கள். போதாததற்கு, பெட்டியிலிருந்து தோட்டா மேலே வராமல் தடுக்க ஒரு தகட்டையும் வைத்தார்கள். சிப்பாய் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். பெட்டியில் இருப்பது ஆபத்துக் காலச் சேமிப்பு. பெட்டியைத் திறந்துவிட்டால் சிப்பாய்கள் தோட்டாவை வாரி இறைத்துவிடுவார்கள் என்று அதிகாரிகளுக்குப் பயம். ஆக, மேகசினுக்கு முதன்முதலில் கட்டுப்பாடு போட்டது எந்த நாடாளுமன்றமும் அல்ல, கஞ்சத்தனமான ராணுவக் கணக்குத்தான்!

இருபதாம் நூற்றாண்டின் போர்கள் அந்தச் சங்கிலியை அறுத்துவிட்டன. வேகமாகச் சுடுபவன் பிழைப்பான் என்று ஆனது. தீர்ந்த பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, நிரப்பி வைத்த அடுத்த பெட்டியை மாட்டுவதே வழக்கமானது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளரின் வடிவமைப்பிலிருந்து ஏ.ஆர்.-15 பிறந்தது. அதன் ராணுவ வடிவம்தான் வியட்நாம் போர்ப் படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் எம்-16. முதலில் 20 தோட்டாப் பெட்டி, பின்னர் 30.

பிறகு நேட்டோ கூட்டணி நாடுகள் ஒரு யோசனை செய்தன. நம் படைகள் சேர்ந்து போரிடும்போது, ஒரு நாட்டுச் சிப்பாயிடம் இருக்கும் பெட்டி இன்னொரு நாட்டுச் சிப்பாயின் துப்பாக்கியிலும் பொருந்தினால் எவ்வளவு வசதி? 1980-ல் 5.56 மி.மீ. தோட்டா பொதுத் தோட்டாவானது. எம்-16-ன் பெட்டியையே பொது அளவாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரைவும் போட்டார்கள். அந்த வரைவு முறையாக ஒப்புதல் பெறவே இல்லை. ஆனாலும் நடைமுறையில் அதுவே உலக அளவாகிவிட்டது.

பொருத்தம் என்பது எப்போதும் நல்லதுதான். ஒரே சார்ஜர் எல்லா செல்போனுக்கும் பொருந்தினால் நமக்கு எவ்வளவு நிம்மதி! ராணுவத்துக்கும் அதே நிம்மதி. ஆனால் ஏ.ஆர்.-15 ராணுவத்தோடு நின்றுவிடவில்லை. 1964 முதலே கோல்ட் நிறுவனம் அதைப் பொதுமக்களுக்கும் விற்றது. முழுத் தானியங்கி அல்ல. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா, அடுத்தது தானாக ஏறி நிற்கும். இதை அரைத் தானியங்கி என்கிறோம். 1977-ல் ஸ்டோனரின் முக்கியக் காப்புரிமை காலாவதியானதும், பல நிறுவனங்கள் அதே வடிவத்தைச் செய்யத் தொடங்கின. விளைவு, விவசாயி முயல் சுட வாங்கும் ரைஃபிளின் வாயும் போர்க்களத்துப் பெட்டியின் கழுத்தும் ஒரே அளவு.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இனி நியூசிலாந்துக்குப் போகிறோம்.

நியூசிலாந்து வேட்டையும் பண்ணையும் நிறைந்த நாடு. முயல், பொஸம், மான் எல்லாம் அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. பயிரையும் காட்டையும் அழிப்பவை. அதனால் துப்பாக்கி அங்கே பண்ணைக் கருவி மாதிரி. சுமார் 2.5 லட்சம் பேர் உரிமம் வைத்திருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள். இதையும் சொல்லிவிட வேண்டும்.

1983-ல் அவர்கள் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். அதுவரை ஒவ்வொரு ரைஃபிளும் பதிவேட்டில் இருந்தது. பதிவேட்டில் பிழைகள் மலிந்துவிட்டன, பராமரிக்கச் செலவும் அதிகம் என்று காவல்துறையே சலித்துக்கொண்டது. ஆகவே, 'ஆளைச் சரிபார்த்து உரிமம் கொடுப்போம், சாதாரண ரைஃபிளை எண்ண வேண்டாம்' என்று புதிய சட்டம் வந்தது. ஒருவர் நல்லவர் என்று உரிமம் கொடுத்துவிட்டால், அவரிடம் எத்தனை ரைஃபிள் இருக்கிறது என்ற கணக்கு அரசிடம் இராது.

1990 நவம்பர் 13 அன்று, டனீடின் நகருக்குப் பக்கத்தில் அரமோவானா என்ற சின்னக் கடற்கரைக் குடியிருப்பில் ஒருவன் 13 பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர் காவல்துறை சார்ஜென்ட். நாடே உறைந்துபோனது. அதன் விளைவாக 1992-ல் சட்டத் திருத்தம் வந்தது. 'ராணுவ பாணி அரைத் தானியங்கி' என்று ஒரு புதுப் பிரிவை உண்டாக்கினார்கள். அதை வைத்திருக்க 'இ' என்ற தனி ஒப்புதல் வேண்டும். ஒவ்வொன்றையும் வாங்கக் காவல்துறையின் தனி அனுமதி வேண்டும்.

எந்தத் துப்பாக்கி அந்தப் பிரிவில் சேரும்? மடங்கும் கட்டை, ராணுவ பாணியில் தனியே நிற்கும் கைப்பிடி, பயனெட் மாட்டும் வசதி என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒன்று மேகசினைப் பற்றியது. பாயிண்ட் டூ டூ சிறு ரைஃபிளானால் 15 தோட்டா வரை. மற்ற அரைத் தானியங்கிகளில் 7 தோட்டா வரை. அதற்கு மேல் கொள்ளும் பெட்டி மாட்டியிருந்தால் அது ராணுவ பாணி. அதே துப்பாக்கியில் ஏழு தோட்டாப் பெட்டி மாட்டி, பட்டியலில் உள்ள மற்ற அம்சங்களும் இல்லாவிட்டால், அது 'ஏ' பிரிவு. சாதாரண உரிமம் போதும். பதிவும் வேண்டாம்.

இப்போது கவனியுங்கள். பெட்டியோ கழற்றி மாட்டக்கூடியது. ஏழு தோட்டாப் பெட்டியும் முப்பது தோட்டாப் பெட்டியும் ஒரே வாயில் பொருந்தும். நாம் மேலே பார்த்த அதே பொருத்தம். அப்படியானால் சட்டப்படி ஒரு துப்பாக்கி சாதாரணமா, ராணுவ பாணியா என்பதைத் தீர்மானிப்பது துப்பாக்கி அல்ல, அந்த நிமிடம் அதன் அடியில் மாட்டியிருக்கும் பெட்டி.

சரி, முப்பது தோட்டாப் பெட்டியை வாங்க என்ன அனுமதி வேண்டும்? ஒன்றும் வேண்டாம். துப்பாக்கி உரிமம்கூட வேண்டாம். கடையில் காசு கொடுத்தால் கிடைக்கும். அதை மாட்டினால் குற்றம். வாங்கினால், வைத்திருந்தால், குற்றமில்லை.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பொதுத்தேர்வில் விடைத்தாளுக்கு எவ்வளவு பந்தோபஸ்து! எண் போட்டு, முகப்புச் சீட்டு ஒட்டி, கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கூடுதல் தாள் கேட்டால் அதையும் கணக்கு வைத்துத்தான் கொடுப்போம். இப்போது விடைத்தாளுக்கு மட்டும் அத்தனை காவலும் போட்டுவிட்டு, அதே முத்திரை போட்ட கூடுதல் தாளைப் பள்ளி வாசல் பெட்டிக்கடையில் கட்டுக்கட்டாக விற்கவிட்டால்? 'கடையில் வாங்கலாம், ஆனால் தேர்வு அறையில் இணைத்துக் கட்டினால் தவறு' என்று விதியும் எழுதி வைத்தால்? எந்தக் கண்காணிப்பாளரால் பிடிக்க முடியும்? விதி எழுதியவர் யோசித்தது விடைத்தாளை மட்டும். நூலால் கட்டிக்கொள்ளலாம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

யாருமே யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தந்த பகுதி.

1997-ல் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி சர் தாமஸ் தார்ப், துப்பாக்கிச் சட்டம் முழுவதையும் ஆராய்ந்து அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யுங்கள், ராணுவ பாணித் துப்பாக்கிகளை அரசே விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். பெரும்பகுதி நிறைவேறவில்லை. 2017-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து 20 பரிந்துரைகள் கொடுத்தது. அவற்றிலும் பாதிக்கு மேல் ஏற்கப்படவில்லை. பண்ணைக்காரர்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் தொந்தரவு என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் வந்தது. அவசரமில்லை என்றே ஒவ்வொரு முறையும் நினைத்தார்கள். அரமோவானாவுக்குப் பிறகு அவ்வளவு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லையே!

2017 ஆகஸ்டில் ஓர் ஆஸ்திரேலியன் அந்த நாட்டுக்கு வந்து குடியேறினான். அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்நாட்டுப் பிரதமராக இருந்த ஜெசிந்தா ஆர்டெர்ன் அவன் பெயரை உச்சரிக்கவே மாட்டேன் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். அது நல்ல வழக்கம். வந்த சில மாதங்களில் அவனுக்குச் சாதாரண 'ஏ' பிரிவு உரிமம் கிடைத்தது. அவனைப் பற்றி விசாரித்ததிலும் காவல்துறையின் நடைமுறை சரியாகப் பின்பற்றப்படவில்லை என்று ஆணையம் பின்னர் சொன்னது. அரைத் தானியங்கி ரைஃபிள்களை அவன் உரிமத்தைக் காட்டியே வாங்கினான். வாங்கும்போது அவை சட்டத்தின் கண்ணில் சாதாரணத் துப்பாக்கிகள். பெரிய பெட்டிகளைத் தனியாக வாங்கினான். அதற்குக் கேள்வியே இல்லை. பிறகு ஒன்றோடு ஒன்றை மாட்டினான்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை நேரம். அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலுமாக 51 பேர் உயிரிழந்தார்கள். குழந்தைகளும் உண்டு, எழுபது வயதைத் தாண்டியவர்களும் உண்டு. நம் இந்தியாவிலிருந்து பிழைக்கவும் படிக்கவும் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

'எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் கொலைகாரன் நின்றுவிடுவானா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிற்க மாட்டான். ஆனால் அவன் கை நிற்கும் ஒவ்வொரு விநாடியும் யாரோ ஒருவருக்குத் தப்பும் நேரம். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் ஒருவன் 33 தோட்டா கொள்ளும் பெட்டியோடு கைத்துப்பாக்கியால் கூட்டத்தைச் சுட்டான். ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பெட்டி தீர்ந்து, அடுத்ததை மாட்ட முனைந்த அந்த இடைவெளியில்தான் பக்கத்திலிருந்தவர்கள் பாய்ந்து அவனை அமுக்கினார்கள். லின்வுட்டிலும் அப்படித்தான். கொலைகாரன் வேறு துப்பாக்கி எடுக்கக் காருக்குப் போன நேரத்தில், தொழ வந்திருந்த ஒருவர் கைக்கு அகப்பட்ட கார்டு தேய்க்கும் இயந்திரத்தை அவன்மேல் எறிந்து விரட்டினார். அவருக்கு நியூசிலாந்தின் மிக உயரிய வீர விருதை அளித்தார்கள். அவருக்குக் கிடைத்தது சில விநாடிகள்தான். மேகசின் எண்ணிக்கை என்பது கடைசியில் விநாடிக் கணக்கு.

அதற்குப் பிறகு நியூசிலாந்து செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். ஆறாம் நாள், மார்ச் 21 அன்றே, இடைக்கால ஆணை. ஏப்ரல் 10-ல் நாடாளுமன்றத்தில் 119 பேர் ஆதரவு, ஒருவர் மட்டும் எதிர்ப்பு. பெரும்பாலான அரைத் தானியங்கிகளுக்குத் தடை. பாயிண்ட் டூ டூ சிறு ரைஃபிளுக்குப் பத்து தோட்டா வரை என்ற எல்லையோடு விலக்கு, முயல் சுடும் பண்ணைக்காரருக்காக. இந்தச் சட்டத்தின் பெயரிலேயே பாடம் இருக்கிறது. தடை செய்யப்பட்ட 'துப்பாக்கிகள், மேகசின்கள், உதிரி பாகங்கள்' என்று மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொன்னார்கள். இனி பெரிய பெட்டியை மாட்டினால்தான் குற்றம் என்பதில்லை. அனுமதியில்லாமல் பீரோவில் வைத்திருந்தாலே குற்றம்.

அந்த ஆண்டு டிசம்பர் 20 வரை, தடை செய்தவற்றை அரசு விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது. 56,000-க்கு மேல் துப்பாக்கிகள், சுமார் 1,88,000 உதிரி பாகங்கள் வந்து சேர்ந்தன. இழப்பீடு 10 கோடி நியூசிலாந்து டாலரைத் தாண்டியது. இதில் ஒரு கணக்கைப் பாருங்கள். துப்பாக்கியைவிட உதிரி பாகம் மூன்று மடங்குக்கு மேல். முப்பத்தாறு வருடமாக யாரும் எண்ணாமல் விட்டவை எவ்வளவு என்று அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அப்படியும் எல்லாம் வந்துவிட்டதா? யாராலும் சொல்ல முடியாது. வாங்கத் தொடங்கும் முன் மதிப்பிட்டபோது, தடைக்குள் வரும் துப்பாக்கிகள் 56,000 முதல் 1,73,000 வரை இருக்கலாம் என்றார்கள். கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் நடுவே மூன்று மடங்கு வித்தியாசம்! பதிவேட்டை மூடியதன் விலை அது. பிறகு 2020-ல் சட்டம் இயற்றி, 2023 ஜூனில் மறுபடி பதிவேட்டைத் திறந்தார்கள். நான்கு பத்தாண்டு சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

இந்த ஓட்டை நியூசிலாந்துக்கு மட்டும் உரியதல்ல. பெட்டியின் பொருத்தம் மற்ற நாடுகளையும் இதே போலச் சுற்றவிட்டிருக்கிறது. இரண்டை மட்டும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1994 செப்டம்பரில் பத்து தோட்டாவுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களுக்குத் தடை வந்தது. 'புதிய' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டத்துக்கு முன் செய்த பழைய பெட்டிகளை வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம். பழைய பெட்டி புதுத் துப்பாக்கியிலும் பொருந்தும். நாட்டில் ஏற்கெனவே கிடந்த பெட்டிகளோ ஏராளம். தடைக்குப் பத்தாண்டுதான் ஆயுள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2004 செப்டம்பரில் அது தானாகக் காலாவதியானது. அதன்பின் சில மாநிலங்கள் மட்டும் தனித்தனியே எல்லை வைத்திருக்கின்றன.

கனடாவில் 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அதன் பின்விளைவாக 1990-களின் தொடக்கத்தில், அரைத் தானியங்கி ரைஃபிள் மேகசினுக்குப் பொதுவாக 5 தோட்டா, கைத்துப்பாக்கி மேகசினுக்கு 10 தோட்டா என்று எல்லை வைத்தார்கள். பெரிய பெட்டியானால் உள்ளே ஆணியடித்து அடைத்துவிட வேண்டும். பெட்டி மீதே கை வைத்தார்கள் பாருங்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் அங்கேயும் பொருத்தம் புகுந்து விளையாடியது. ஏ.ஆர்.-15-ன் பெட்டி பொருந்தும் கைத்துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தன. அந்தக் கைத்துப்பாக்கிக்கென்று செய்த பெட்டிக்குப் பத்து அனுமதி. அதை ரைஃபிளில் மாட்டினால்? ஒரு மேகசினின் எல்லை எந்தத் துப்பாக்கிக்காக அது வடிவமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது, எதில் மாட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல என்று காவல்துறையே விளக்கம் கொடுத்தது. ஆக, ஐந்து கொள்ள வேண்டிய ரைஃபிளில் சட்டப்படியே பத்து!

மூன்று நாடுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாடு துப்பாக்கியைப் பார்த்தது, பெட்டியை விட்டது. ஒரு நாடு புதுப் பெட்டியைப் பார்த்தது, பழையதை விட்டது. ஒரு நாடு பெட்டியைப் பார்த்தது, அது எங்கே போய் மாட்டும் என்பதை விட்டது. மூன்றிலும் சட்டத்தில் எண் இருந்தது. ஏழு, பத்து, ஐந்து. அந்த எண்ணை யார், எதில், எப்போது எண்ணுவது என்பதில்தான் கோட்டை விட்டார்கள்.

உங்களில் பலர் இன்று விதி எழுதும் இடத்தில் இருக்கிறீர்கள். தலைமையாசிரியர், வங்கி மேலாளர், தாலுகா அலுவலகம், மருத்துவமனை, கம்பெனி நிர்வாகம் என்று எங்கெங்கோ. துப்பாக்கி உங்கள் வாழ்க்கையில் வராது, வரவும் வேண்டாம். ஆனால் விதி எழுதும்போது ஒன்று செய்யுங்கள். 'இதில் கழற்றி மாட்டக்கூடியது எது?' என்று கேளுங்கள். ஆபத்து பெரும்பாலும் அந்தக் கழலும் பாகத்தில்தான் இருக்கும். நாமோ கழலாத பெரிய பொருளுக்கே பூட்டுப் போட்டுக்கொண்டிருப்போம். இன்னொன்று, ஒருவர் வந்து 'சார், இங்கே ஓட்டை இருக்கிறது' என்று சொன்னால், இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே என்று அனுப்பிவிடாதீர்கள். நீதிபதி தார்ப் எழுதியது 1997-ல். பள்ளிவாசல்களில் ரத்தம் சிந்தியது 2019-ல். நடுவில் இருபத்திரண்டு வருடம். ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து கல்லூரி முடிக்கும் காலம்.

நியூசிலாந்திலிருந்து வந்த தம்பிக்கு இதுதான் என் பதில். சட்டம் இருந்தது. அதில் எண்ணும் இருந்தது. எண்ணத்தான் ஆளில்லை. வீட்டில் அன்றே சொல்ல முடியாததற்கு வாத்தியாரை மன்னிக்கவும். வீட்டுப்பாடத்தைத் தாமதமாகத்தான் முடித்தேன்.

அந்தத் துப்பாக்கி சுடும் மைதானத்தில் அன்றைக்கு என்னோடு இருட்டில் கூடு தேடியவர்கள் யார் யார்? பின்னூட்டத்தில் பெயரைப் போடுங்கள். உங்களைப் பட்டினியாக உட்கார வைத்ததற்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஒரு கூட்டைத் தேடியதற்கு எனக்கு இன்றும் வருத்தமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு சந்திப்போம்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்